எஸ்எஸ்டி வாங்குறதுக்கு முன்னாடி இதப் படி

மாப்ள,

நீ மெசேஜ் போட்டு பத்து நாள் ஆச்சு, பதில் இல்லன்னு கோச்சுக்காதடா. அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன், வீட்ல பெயிண்ட் வேல வேற, எல்லாம் ஒண்ணா வந்துருச்சு. அம்மா இப்ப நல்லா இருக்காங்க, செவுத்துக்கு இந்த கலரா அடிச்சீங்கன்னு திட்டுற அளவுக்கு நல்லாவே தெரியுது.

சரி நீ கேட்டதுக்கு வரேன். உன் கடைல இருக்க குட்டி கம்ப்யூட்டர்ல எம்.2 ஸ்லாட் (பட்டையா இருக்க எஸ்எஸ்டிய சொருகுற வாய்) ஒண்ணு சும்மா இருக்கு, ஆஃபர்ல வர்ற எஸ்எஸ்டிய, அதான் ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா வர்ற வேகமான ஸ்டோரேஜ, போட்டுறவான்னு கேட்ட இல்ல. அவசரப்படாத, நான் அப்படி வாங்கித்தான் மாட்டுனேன்.

என்னோடது இன்டெல் என்100 சிப்பு போட்ட பொட்டி, டிபன் பாக்ஸ் அளவு தான் இருக்கும். உள்ள ரெண்டு ஸ்லாட். பெருசுல விண்டோஸ் ஓடுது, சின்னது காலி. 42 மில்லிமீட்டர் நீளம் தான் அதுல போகும், அதத்தான் 2242ன்னு போடுவாங்க, 22 அகலம் 42 நீளம். சாதாரணமா கடைல கெடைக்கிறது 2280, அது போகாதுன்னு எனக்கே தெரியும், அதனால ரொம்ப புத்திசாலி மாதிரி தேடிப்புடிச்சு 2242 சைஸ்ல 512 ஜிபி என்விஎம்இ, அதாவது பிசிஐஇங்கிற வேகமான லைன்ல ஓடுற எஸ்எஸ்டி, வாங்குனேன். ராத்திரி பதினோரு மணிக்கு போன் டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு மாட்டுறேன், அந்த ஸ்க்ரூ இருக்கே எள்ளு மாதிரி, ரெண்டு தடவ கீழ விழுந்து தரையெல்லாம் தடவி எடுத்தேன். வெண்ணெய்ல கத்தி மாதிரி உக்காந்துச்சு. ஆன் பண்ணா பயாஸ்ல (கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்ஸ் ஸ்க்ரீன்) அப்படி ஒரு பொருளே இல்ல!

கழட்டி மாட்டி, ஊதி, மறுபடி மாட்டி ஒரு மணி நேரம் போச்சு. கடைசில போர்ட பாத்தா ஸ்லாட்டுக்குப் பக்கத்துல பொடி எழுத்துல சாட்டான்னு போட்டிருக்கு, அது பழைய, மெதுவான லைன், என்னோட என்விஎம்இ அதுல ஓடாது. அந்த என்100 சிப்புக்கு மொத்தமே 9 பிசிஐஇ லேன் (டேட்டா போற பாதை) தான் மாப்ள, அதுல மொத எஸ்எஸ்டி, வைஃபை, நெட்வொர்க் போர்ட்டுன்னு ஆளுக்கொரு பங்கு போயிரும், அதனால ரெண்டாவது ஸ்லாட்டுக்கு சாட்டா லைன மட்டும் இழுத்து விட்டுட்டாங்க. வாய் ஒண்ணு தான், பின்னாடி வர்ற ஒயர் வேற. திருப்பிக் குடுக்கலாம்னு போனா கவர் பிரிச்சாச்சு சார்னு கடக்காரர் கைய விரிச்சுட்டாரு.

எஸ்எஸ்டிய பாத்தே ஓரளவு கண்டுபுடிக்கலாம், தங்கக் கலர் காலுங்க நடுவுல ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஒண்ணே ஒண்ணு இருந்தா என்விஎம்இ. ஆனா இத வச்சு மட்டும் முடிவு பண்ணாத, லேபிள்ல எழுதியிருக்கிறதையும் படி. அப்புறம் வைஃபை கார்டு இருக்க ஸ்லாட்ல போடலாமான்னு கேட்டியே, அது வேற கீ, அதாவது வெட்டு இருக்க இடமே வேற, உள்ளயே போகாது, அமுக்கி கிமுக்கி வச்சுறாத.

சாட்டான்னா வேகம் கம்மின்னு கவலப்படாத. அது செகண்டுக்கு 550 எம்பி கிட்ட தரும், பிசிஐஇ மூணாவது தலைமுறைல நாலு லேன் இருந்தா 3500 வரைக்கும் போகும், கேக்க பெரிய வித்தியாசம் தான். ஆனா நீ போடுறது பில்லு. உன் பழைய ஹார்ட் டிஸ்க் 150ய தாண்டுனாலே பெருசு, அதுலருந்து இதுக்கு மாறுனாலே உனக்கு போதும்டா. பொட்டில நாலாவது தலைமுறைன்னு போட்டிருக்கிற எஸ்எஸ்டி கெடச்சாலும் பயப்படாத, பழைய பிசிஐஇ ஸ்லாட்ல வேகத்த கொறச்சுக்கிட்டு ஓடும்.

அதனால மூடியக் கழட்டி ஸ்லாட்டயும் பக்கத்துல இருக்க எழுத்தையும் கிட்ட வச்சு போட்டோ எடுத்து அனுப்பு, ஸ்க்ரூ மாட்டுற ஓட்ட எந்த தூரத்துல இருக்குன்னும் ஸ்கேல் வச்சு பாரு. பிசிஐஇன்னு இருந்து 42லயும் ஓட்ட இருந்துச்சுன்னா நீ எதுவும் வாங்க வேணாம், என்னோட 512 மேசை டிராயர்ல சும்மா தான் கெடக்கு, அடுத்த மாசம் வர்றப்ப எடுத்துட்டு வந்து நானே மாட்டிக் குடுக்குறேன். ஸ்க்ரூவ மட்டும் தொலைக்காம வையி.

உன் பழைய ரூம்மேட்