மதிலின் அடியில் ஒரு பொட்டு விடச் சொல்லுங்கள்

எங்கள் பிரதேச சபையின் மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக ஓர் அறிவித்தல் கொடுக்கப்பட்டது. வளவிலுள்ள பற்றைகளையும் வேலியோரத்துச் செடிகொடிகளையும் பதினான்கு நாட்களுக்குள் வெட்டித் துப்புரவாக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருந்தது. டெங்கும் பாம்பும் காரணங்களாகச் சொல்லப்பட்டிருந்தன. அந்தத் தாள் வந்த வாரத்திலேயே மூன்று வளவுகளில் பூவரச வேலியைப் பிடுங்கி மதிலுக்கு அத்திவாரம் வெட்டிவிட்டார்கள். எப்படியும் வெட்டத்தான் வேண்டும், வெட்டியதோடு மதிலையும் கட்டிவிடுவோம் என்று அவர்கள் நினைத்ததில் பிழையில்லை. அதனால்தான், மதில்களில் சின்னப் பிராணிகள் போய்வர வழி விடவேண்டுமென்று கேட்டு, அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வருடங்கள் மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக் கிராமங்களில் குடும்பநல மருத்துவமாதாக வேலை செய்தவள் நான். ஒரு வீட்டில் கர்ப்பிணியைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக ஒழுங்கையைச் சுற்றுவதில்லை. வேலியில் விட்டிருக்கும் பொட்டுக்குள்ளால், அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளால், குனிந்து போய்விடுவேன். எந்த வேலியில் எந்த மூலையில் பொட்டு இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். கோழியும் ஆடும் பிள்ளைகளும் புகுந்து போன அந்தப் பொட்டுகளால்தான் இரவில் கீரியும் உடும்பும் மரநாயும் போய் வந்தன. விடியற்காலையில் பிரசவம் பார்த்துத் திரும்பும்போது, முதல்நாள் பெருக்கிவிட்ட முற்றத்து மணலில் அவற்றின் காலடிகள் பொட்டிலிருந்து கிணற்றடிக்கும், கிணற்றடியிலிருந்து அடுத்த பொட்டுக்கும் கோடு போட்டதுபோலக் கிடக்கும். உடும்பு போன தடத்தில் நடுவே வால் இழுபட்ட கோடும் இருக்கும். ஊரில் எங்களுக்கு ஒரு பாதை இருந்ததுபோல அவற்றுக்கும் ஒன்று இருந்தது. பெரும்பாலான இடங்களில் இரண்டும் ஒரே பாதைதான்.

2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தபோது கரையோர வேலிகள் வீடுகளோடு போயின. திரும்பக் கட்டியபோது பல இடங்களில் மதில்களே எழுந்தன. மதில் கட்டியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருக்க, அம்மம்மாவோடு இரண்டு பெண்பிள்ளைகள் தனியே இருக்கும் வீட்டில் மதில் எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும். நானும் ஓய்வுபெற்ற பணத்தில் வாவிப் பக்கம் மதில் கட்டினேன்.

அந்த வருடம் மாரி மழை தொடங்கிய இரண்டாம் நாள் அந்த மதிலின் வெளிப்புறத்தில் ஓர் ஆமையைக் கண்டேன். குளத்திலோ வாவியோரத்திலோ இருந்து முட்டையிட மேட்டு மணலைத் தேடி வந்திருக்க வேண்டும். மதிலோடு உரசியபடி மேற்கே போனது, திரும்பிக் கிழக்கே வந்தது, மறுபடியும் மேற்கே போனது. மத்தியானம் பார்த்தபோதும் அங்கேயேதான் நடந்துகொண்டிருந்தது. 'ஆமை புகுந்த வீடு விளங்காது' என்று எங்கள் வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஆனால் அன்று மழைக்குள் நின்று அதைப் பார்த்தபோது, அது புகுந்த இடம் என் வீடு என்று எனக்குத் தோன்றவில்லை. அதன் வழியில் நான் கல்லை அடுக்கியிருந்தேன். தூக்கிக் கொண்டுபோய்க் கிணற்றடிக்கு அப்பால் விட்டேன். மறுநாள் மேசனைக் கூப்பிட்டு, மதிலின் அடிவரிசையில் இருபது அடிக்கு ஒரு கல்லாக மூன்று கற்களை எடுப்பித்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வளவு திரும்பவும் பழைய வளவாகிவிட்டது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, பயிரை அழிக்கும் விலங்குகளை நாடு முழுவதும் ஐந்து நிமிடம் எண்ணச் சொன்னார்களே, அன்று நானும் தாளும் பேனையுமாகப் பின்வளவில் நின்றேன். குரங்கு, மயில், மலையணில் எதுவும் எங்கள் பக்கம் வரவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் முருங்கையில் இரண்டு அணில், செவ்வரத்தையில் ஒரு தேன்சிட்டு, மண்ணைக் கிளறிக்கொண்டு ஏழு புலுனிக் குருவி, வேலியடியில் ஒரு செண்பகம். மதிலில் நான் விட்ட ஓட்டையில் ஒரு கீரி தலையை நீட்டி, என்னைக் கண்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது. இவற்றை எழுத அந்தத் தாளில் இடமில்லை. அது வேறு தேவைக்கான தாள். இந்த மடலிலாவது எழுதிவிடுகிறேன்.

இனி உங்கள் அறிவித்தலுக்கு வருகிறேன். டெங்கு நுளம்பு பெருகுவது தேங்கிய தண்ணீரில். தேங்காய்ச் சிரட்டை, டயர், அடைபட்ட கூரைப் பீலி, தயிர் தின்றுவிட்டு வேலியோரம் எறிந்த சட்டி ஆகியவற்றைத்தான் நான் வேலை செய்த காலம் முழுவதும் தேடித்தேடிக் கவிழ்த்தேன். பூவரசையும் கிளுவையையும் தறித்தால் இந்தச் சட்டிகள் கவிழப் போவதில்லை. பற்றைக்குள் கிடக்கும் சட்டிகளைப் பொறுக்கச் சொல்லுங்கள், முதல் ஆளாக நான் குனிகிறேன்.

பாம்பு விடயத்தை இலேசாகப் பேச என்னால் முடியாது. பாம்பு கடித்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் வைத்தியசாலைக்குப் போயிருக்கிறேன். வீட்டைச் சுற்றி நான்கைந்து முழத்துக்குப் புல்லும் விறகுக் குவியலும் ஓட்டுக் குவியலும் இருக்கக் கூடாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவர்களைக் கடிப்பது. அதற்குக் கட்டிலும், மெத்தைக்குள் செருகிய நுளம்பு வலையும், கையில் ஒரு டோர்ச்சும் தருகின்ற பாதுகாப்பை வேலி வெட்டுவது தராது. மதிலும் தராது. வளவு வாசற்கதவின் கீழ் இடைவெளியால் பாம்பு வரும். வந்தபின் மற்றப் பக்கத்தால் போக வழியில்லாமல் மதிலோரமாகவே ஊர்ந்து, மதில் முடிகிற இடத்திலுள்ள உங்கள் வாசற்படிக்கு வந்து சேரும். என் வளவிலேயே இதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

பாம்பு வருவதற்கு எலியும் ஒரு காரணம். எலியைத் தின்பவர்கள் யார்? சாரைப்பாம்பு, ஆந்தை, கீரி, மரநாய். சாரைக்கு விஷமே இல்லை. எங்கள் ஊரில் அதிகம் அடிபட்டுச் சாவதும் அதுதான். வயலுக்குப் போகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வந்து கண் மஞ்சளாகிப் படுத்ததை நீங்களும் கண்டிருப்பீர்கள். இந்தப் பிராணிகளின் பாதையை அடைத்துவிட்டால் எலிக்கு நஞ்சு வைக்கத் தொடங்குவோம், நஞ்சு தின்ற எலியை ஆந்தை தின்னும். செண்பகம் பெரிய நத்தையை உடைத்துத் தின்பதைப் பார்த்தவர்கள் அது கூடுகட்டும் பற்றையில் கத்தி வைக்க மனம் ஒப்பமாட்டார்கள்.

இவற்றோடு வாழ்வது எப்போதும் சுகமாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். கபரக்கொய்யா என்கிற நீர் உடும்பு ஒன்று வாவியிலிருந்து ஏறிவந்து என் அடைகோழியின் முட்டைகளைத் தின்றுவிட்டது. கோழிக்கூட்டுக்குக் கம்பிவலை அடித்தேன். அதன்பின் அது நண்டும் செத்த மீனும் தேடிக்கொண்டு வாவியோரக் கண்ணாப் பற்றையோடு நிற்கிறது. மரநாய் கூரையில் ஓடுகிறபோது நித்திரை குழம்புகிறது, பழுத்த பப்பாசியில் பாதி அதற்குத்தான். பக்கத்து வளவு நானா, மற்றப் பாதியையாவது காப்பாற்ற வேண்டுமென்று மரத்துக்குத் தகரம் சுற்றியிருக்கிறார். நல்ல யோசனை, நானும் சுற்றப் போகிறேன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கமும் கரடியனாற்றுப் பக்கமும், யானை வீட்டுச் சுவரை இடித்து நெல் தின்ற குடும்பங்களிடம் இந்த மடலை நான் நீட்டமாட்டேன். அவர்களுடைய துயரம் வேறு, அதற்கு வேண்டிய தீர்வும் வேறு. நான் கேட்பது முழங்காலுக்குக் கீழே நடமாடும் சீவன்களுக்காக.

ஒன்றை மட்டும் உடனே நிறுத்த வேண்டும். வாவியில் பாவிக்கக் கூடாத, மெல்லிய நைலோன் இழையாலான தங்கூசி வலைகளைத் தோட்டப் பாத்திக்கும் மாமரத்துக்கும் கட்டுகிறார்கள். போன வருடம் அப்படிக் கட்டிய ஒரு வலையில் ஆறடிச் சாரை ஒன்று சிக்கி, திமிறத் திமிறத் தங்கூசி தோலுக்குள் இறங்கியிருந்தது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணாக வெட்டி எடுக்க ஒரு மணித்தியாலம் சென்றது. அது பிழைத்தது. அதே வலையில் காய்ந்து தொங்கிய வௌவால் பிழைக்கவில்லை. சின்ன விரல் நுழையாத நெருக்கமான வலையை இழுத்துக் கட்டினால் பழமும் தப்பும், பிராணியும் தப்பும்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உங்களுக்குத் துணைவிதி இயற்றும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. கட்டட அனுமதியும் உங்கள் மேசைக்குத்தான் வருகிறது. எல்லை மதிலுக்கு அனுமதி கொடுக்கும்போது, அடிவரிசையில் இருபது அடிக்கு ஒரு கல் விடவேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். எட்டு அங்குல உயரம், பதினாறு அங்குல அகலம். திருடன் நுழைவது இலகுவல்ல. பயமென்றால் நடுவில் ஒரு கம்பி நிறுத்தலாம். செலவு அதிகரிக்காது, விடுகிற கற்களின் காசு மிஞ்சும். இந்த ஓட்டைகளால் வெள்ளமும் வடியும். மாரியில் வாவி நிறைந்து ஊருக்குள் ஏறினால் முகத்துவாரத்தில் மண்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுகிற ஊரவர்கள் நாங்கள். ஓட்டையில்லாத மதில்களால் ஒவ்வொரு வளவையும் தொட்டியாக்கிவிட்டு, தண்ணீர் வடியவில்லை என்று ஏன் சபைக்கு முறையிட வேண்டும்?

அறிவித்தலிலும் ஒரு திருத்தம் கேட்கிறேன். வீட்டைச் சுற்றித் துப்புரவாக்கச் சொல்லுங்கள். எல்லையில் உயிர்வேலி வைத்திருப்பவர்களை அதை வெட்டச் சொல்லாதீர்கள்.

சபை நூலகத்துக்கு இப்போது சுற்றுமதில் எழுகிறது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். மூன்று பக்கம் முடிந்துவிட்டது. வாவிப் பக்கம் இன்னும் அத்திவாரத்தோடு நிற்கிறது, திங்கட்கிழமை கல் வைக்கப் போவதாக மேசன் சொன்னார். எங்கெங்கே கல் விடலாம் என்று காட்ட ஞாயிறு பின்னேரம் அளவுநாடாவோடு அங்கே நிற்பேன். உங்களில் ஒருவராவது வாருங்கள்.

இப்படிக்கு,
வாவிக்கரை வளவொன்றிலிருந்து,
ஓய்வுபெற்ற குடும்பநல மருத்துவமாது