பொனட்டைத் திறக்காமல் எழுதிய மதிப்பீட்டு அறிக்கை பற்றிய முறைப்பாடு

முகாமையாளர்,
பழைய வாகனப் பரிமாற்றப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

என்னுடைய 2014ஆம் ஆண்டு ஹூண்டாய் எலன்ட்ராவைக் கொடுத்துவிட்டு வேறு கார் எடுப்பதற்காகக் கடந்த மாதம் உங்கள் காட்சியறைக்கு வந்திருந்தேன். உங்கள் மதிப்பீட்டாளர் காரைச் சுற்றி வந்தார், மீற்றரைப் பார்த்தார், படம் எடுத்தார். பொனட்டைத் திறக்கவில்லை, கோளாறுகளைக் காட்டும் ஸ்கேனர் போடவில்லை. நான் கொண்டுவந்த சேர்விஸ் கோவையை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "கொரியன் வண்டிதானே, எங்களுக்குத் தெரியும்" என்றார். பிறகு தந்த அறிக்கையில் இயந்திர நிலை என்ற இடத்தில் "நம்பகத்தன்மை குறைந்த வகை" என்று எழுதி, அதையே காரணமாகக் காட்டி விலையையும் குறைத்திருக்கிறீர்கள்.

விலை மட்டும்தான் பிரச்சினை என்றால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். கொழும்பில் டொயோட்டாவுக்கும் ஹொண்டாவுக்கும் உள்ள கிராக்கி ஹூண்டாய்க்கு இல்லை என்று தெரிந்துதான் வந்தேன். "விற்க நாளெடுக்கும், இவ்வளவுதான் தரலாம்" என்று எழுதியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். எஞ்சினைக் கண்ணால் பார்க்காமலே அதை நம்ப முடியாது என்று கையெழுத்துப் போட்டுத் தந்ததை எப்படி ஏற்பது?

அந்தக் கெட்ட பெயர் எந்தக் காலத்தது என்று பாருங்கள். 1986இல் எக்ஸல் என்ற மலிவுக் காரோடு ஹூண்டாய் அமெரிக்கச் சந்தைக்குள் போனது. முதல் வருடமே ஒன்றரை இலட்சத்துக்கு மேல் விற்றது, கொஞ்சக் காலத்திலேயே பழுதுக்கும் பெயரெடுத்தது. இத்தனைக்கும் அந்த எக்ஸலில் ஓடியது ஜப்பானின் மிட்சுபிஷி வடிவமைத்த எஞ்சின். ஹூண்டாய் தானே வடிவமைத்த முதல் எஞ்சின் 1991இல்தான் வந்தது. போன பெயரை மீட்க 1998இல் அமெரிக்காவில் எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் 10 வருடம் அல்லது ஒரு இலட்சம் மைல் உத்தரவாதம் அறிவித்தார்கள். 2004இல் ஜே.டி. பவர் நிறுவனத்தின் புதுக் கார் தர ஆய்வில் ஹொண்டாவுக்குச் சமமாக வந்தார்கள். இதெல்லாம் நடந்து பத்து வருடத்துக்குப் பிறகு செய்த கார் என்னுடையது.

இங்கேயும் பழைய கொரியன் கார்களில் எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றாமல் ஓட்டி, அது அறுந்து வால்வுகள் வளைந்துபோன கதைகள் உண்டு. என் காரில் உள்ள 1.6 லீற்றர் காமா எஞ்சினில் பெல்ட்டே கிடையாது, செயின்தான். பொனட்டைத் திறந்திருந்தால் இதையெல்லாம் பேசியிருக்கலாம்.

ஹூண்டாயில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. 2011, 2012 சொனாட்டாக்களின் தீட்டா எஞ்சினில் பெயாரிங் பிரச்சினை வந்து, 2015இல் அமெரிக்காவில் இலட்சக்கணக்கான கார்களைத் திருப்பி அழைக்க வேண்டியிருந்தது. அது அந்த எஞ்சினின் குறை, அந்தச் சொனாட்டாவை மதிப்பிடும்போது கட்டாயம் பார்க்க வேண்டும். ஹொண்டாவும் 2013இல் விட்ட பிட் ஹைபிரிட்டையும் வெசல் ஹைபிரிட்டையும் கியர்பொக்ஸ் கட்டுப்பாட்டுக் கோளாறுகளுக்காக ஜப்பானில் அடுத்தடுத்துத் திருப்பி அழைத்தது. உங்கள் முற்றத்தில் வெசல்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கும் "நம்பகத்தன்மை குறைந்த வகை" என்றா எழுதுகிறீர்கள்? எழுதவும் கூடாது. திருத்தம் செய்த வெசலா, செய்யாததா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். அதே நியாயத்தைத்தான் நானும் கேட்கிறேன்.

உங்கள் அறிக்கை என்னோடு முடிகிற விஷயமும் இல்லை. இப்படி எழுதுவதால் கொரியன் காரின் விலை விழுகிறது. விலை விழுந்த காரை வாங்குகிறவர் அதற்குச் செலவழிக்கத் தயங்குகிறார். நல்ல ஒயில் போடுவதில்லை, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைத்த பாகத்தை வைத்துச் சமாளிக்கிறார். கார் நடுரோட்டில் நிற்கிறது, "பார்த்தீர்களா, சொன்னோமே" என்கிறார்கள். இந்தக் கெட்ட பெயர் இத்தனை வருடம் உயிரோடிருப்பதற்கு உங்களைப் போன்ற நிறுவனங்களின் தாள்களும் காரணம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் விரும்பிப் பார்த்த கொரியன் காரை விட்டுவிட்டு, கூடுதல் கடன் எடுத்து அதைவிடப் பழைய ஜப்பான் கார் வாங்கினார். அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்றதிலிருந்து 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறக்கும்வரை, இந்த நாட்டில் எல்லாரும் கையிலிருந்த வண்டியைத்தான் ஓட்டினோம். எந்த மொடல் தாங்கியது, எது கராஜே கதியென்று கிடந்தது என்று சொல்லக்கூடிய சேர்விஸ் பதிவுகள் அந்தக் காலம் முழுவதற்கும் உங்களிடம் இருக்கும். மதிப்பீட்டாளர் அவற்றை வைத்துப் பேசட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே என் காரை மறுபடி பரிசோதியுங்கள்: பொனட்டைத் திறந்து, ஸ்கேனர் போட்டு, எஞ்சின் கொம்பிரஷனையும் (சிலிண்டர் அழுத்தத்தையும்) அளந்து. செலவு உங்களுடையதாக இருக்க வேண்டும். முதல் அறிக்கையிலுள்ள அந்த வரியை நீக்கி, திருத்திய பிரதியைத் தாருங்கள். சந்தைக் கிராக்கிக்காக விலையைக் குறைப்பதானால் அதைத் தனியாக, அப்படியே குறிப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இந்த அறிக்கையோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவேன்.

சேர்விஸ் கோவையின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கொழும்பு 06.