பழைய லைப்ரரியை அழிச்ச கதை

கிளிநொச்சி
மாசி மாதம்

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சுது. இங்க எல்லாரும் சுகம். காலபோக வெட்டு முடிஞ்சுது. மெசின்காரனைப் பாத்துக்கொண்டு நாலு நாள் இருந்ததில கொஞ்ச நெல் கொட்டுண்டு போச்சு, மிச்சம் பரவாயில்லை.

"டெபியனைப் போட்டு, ஆப்ட்டைத் தட்டிப்போட்டு இருக்காமல் ஏன்டா இந்தத் தலையிடி?" எண்டு கேட்டிருக்கிறாய். நியாயம்தான். டெபியன் எண்ட ரெடிமேட் லினக்ஸில, ஆப்ட் எண்ட சாமான் மென்பொருள் பொதிகளைத் தானே இறக்கிப் போட்டுக் கணக்கும் வைச்சிருக்கும். லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச் எண்ட வழிகாட்டிப் புத்தகத்தைப் பாத்து நானே கட்டின சிஸ்டத்தில ஆப்ட்டும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. எந்த ஃபைல் எந்தப் பொதியோட வந்தது எண்டு எனக்குத் தெரிஞ்சால்தான் உண்டு. எல்லாம் தலைக்குள்ள கிடக்கு எண்டு ஒரு வருசம் திமிரா இருந்தனான்.

போன மாசம் வாங்கிக் கட்டினன். இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கிற ஓப்பன்எஸ்எஸ்எல்லின்ர 1.1.1 பதிப்புக்கு 2023 செப்டெம்பரோட ஆதரவு முடிஞ்சுது. பஞ்சிப்பட்டுப் பஞ்சிப்பட்டு இப்பதான் 3க்கு மாறினனான். சோர்ஸ் கோட்டை ஓடக்கூடிய புரோகிராமா மாத்துற கொம்பைல், பிறகு இன்ஸ்டோல், ஒரு பிழையும் வரேல்லை. அதோட விட்டிருக்கலாம். எனக்கு ஒரு துப்புரவுக் குணம் வந்துது பார், அதின்ர பழைய லைப்ரரிகளை, அதுதான் மற்றப் புரோகிராம்கள் பொதுவாப் பாவிக்கிற லிப்எஸ்எஸ்எல் 1.1, லிப்கிரிப்டோ 1.1 எண்ட ஃபைல்களை, அழிச்சுப் போட்டன். அடுத்த நிமிசம், டவுன்லோட் பண்ணுற டபிள்யூகெட் எழும்பேல்லை. அதே வேலை செய்யிற கேர்ளும் இல்லை, வேற மெசினுக்குள்ள போற எஸ்எஸ்எச்சும் இல்லை. எல்லாம் பழைய பேரைத்தான் தேடுதுகள். புதுசு பக்கத்திலதான் கிடக்கு, ஆனா அதின்ர பேர் 3இல முடியுது, அதுகளுக்கு அது வேற ஆள். டவுன்லோட் பண்ணித் திருத்துவம் எண்டால் டவுன்லோட் பண்ணுற சாமானே விழுந்து கிடக்கு!

நல்லகாலம், சோர்ஸ் கோட்டைக் கட்டி வைச்ச டார்பால் ஃபைல்களை அழிக்கேல்லை. புரோகிராம்கள் கிடக்கிற பின் டிரெக்டரி முழுக்க, எது எந்த லைப்ரரியைத் தேடுது எண்டு காட்டுற எல்டிடியை ஓடவிட்டு, லைப்ரரி காணேல்லை எண்டு வந்ததுகளை மகளின்ர சி.ஆர். கொப்பியில எழுதி, ஒண்டொண்டாத் திரும்பக் கொம்பைல் பண்ணினன். கரண்ட் ரண்டு தரம் போச்சு. கொம்பைலை நடத்துற மேக் விட்ட இடத்தில இருந்து தொடர்ந்தது புண்ணியம். பைதன்தான் ஏமாத்திப்போட்டுது. தான் வடிவா ஓடுது, எஸ்எஸ்எல் மொடியூலைக் கூப்பிட்டால்தான் விழுது. அந்த மொடியூல் பின்னுக்குள்ள இல்லாமல் லிப் டிரெக்டரிக்குள்ள கிடக்கிறதால என்ர பட்டியலில வரேல்லை. ரண்டு நாள் கழிச்சுத்தான் பிடிபட்டுது.

இப்ப, இன்ஸ்டோல் போற இடத்தை மாத்துற டெஸ்ட்டிர் குடுத்து முதல் ஒரு வெறும் ஃபோல்டருக்குள்ள இன்ஸ்டோல் பண்ணி, என்னென்ன ஃபைல் வருது எண்டு பட்டியல் எடுத்துப்போட்டுத்தான் உரிய இடத்தில போடுறன். பழைய லைப்ரரியை நம்பியிருக்கிறதெல்லாம் திரும்பக் கொம்பைல் ஆகும் வரைக்கும் அதில கை வைக்கிறேல்லை. கொப்பியும் என்னட்டையே நிண்டிட்டுது, மகள் புதுசு வாங்கித் தா எண்டு நிக்கிறாள்.

சிஸ்டத்தின்ர கருவான கேர்னலை மாத்தப் பயமில்லை, அதை மாத்தினால் மற்றதுகளைத் திரும்பக் கட்டத் தேவையில்லை. அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியிலதான் கை நடுங்குது. எல்லாம் அதுக்கு மேலதானே நிக்குது. அதை மாத்திறதெண்டால் வேற பார்ட்டிசனில முழுசாத் திரும்பக் கட்டுறதுதான் புத்தி. என்ர டிஸ்க்கில இடமில்லை.

வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாறன் எண்டு சொன்னனீ. வரேக்க ஒரு எஸ்எஸ்டி கொண்டு வா. காசு இங்க தாறன்.

அன்புடன்,
உன்ர பழைய வாங்குத் தோழன்