வடக்குத் தெரு லைனைச் சரிசெய்து மூன்று ஃபேஸ் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
வடக்குத் தெரு குடியிருப்போர் சார்பாக,
அதே தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர்.

பெறுநர்:
உதவி செயற்பொறியாளர் அவர்கள்,
இயக்கமும் பராமரிப்பும்.

பொருள்: குறைந்த மின்னழுத்தம், குடிநீர் மோட்டார் ஓடாமை, முந்தைய மனுக்களுக்குப் பதில் வராமை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிள்ளையார் கோயில் முக்கிலிருந்து வயல் வழியாக எங்கள் தெருவுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் லைனை, அதாவது கரண்ட் கொண்டுவரும் கம்பி ஒன்று மட்டுமே உள்ள லைனைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். இதுபற்றி முன்பே பலமுறை எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை. நேரில் கேட்டால் "உங்கள் தெருவில் லோடு அதிகம்" என்கிறார்கள். லோடு மட்டும் காரணமல்ல என்பதை அளந்து பார்த்த கணக்கோடு இம்முறை பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1. மாலை 7 மணிக்குக் கோயில் முக்கு வீட்டில் 221 வோல்ட். அதே நேரம் எங்கள் தெருவின் முதல் வீட்டில் 173. இடையில் 600 மீட்டருக்கு வீடே கிடையாது, வயல்தான். லைன்மேன் டாங் டெஸ்டர் (கம்பியைக் கவ்விக் கரண்டை அளக்கும் கருவி) போட்டுப் பார்த்தபோது கம்பியில் 32 ஆம்பியர் ஓடியது. ஆக, வழியில் இழப்பு 48 வோல்ட். அதை 32-ஆல் வகுத்தால் லைனின் தடை 1.5 ஓம். அதே 48-ஐ 32-ஆல் பெருக்கினால் 1536 வாட். ஒன்றரை கிலோவாட் வெறும் சூடாகக் காற்றில் போகிறது. 6 மணி முதல் 10 மணி வரை இப்படியே ஓடினால் ஒரு ராத்திரிக்கு ஆறு யூனிட். அது யார் மீட்டரிலும் ஏறுவதில்லை.

2. அங்கே இருப்பது 7/2.59 கம்பி, அதாவது 2.59 மி.மீ. இழைகள் ஏழு சேர்ந்தது. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.9 ஓம். ஃபேஸ் 600 மீட்டர், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி 600 மீட்டர் சேர்த்தால் 1.1 ஓம்தான் வர வேண்டும். மிச்சம் 0.4 ஓம் எங்கிருந்து வந்தது? ஜாயிண்ட்டுகளிலிருந்துதான். வேப்பமரத்தடிக் கம்பத்தில் கிளாம்ப் இல்லாமல் கையால் முறுக்கி விட்ட ஜாயிண்ட் தூறல் போட்டால் பொறி பறக்கிறது. கீழேதான் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை.

3. எங்களை அதிகம் வாட்டுவது தண்ணீர். தெருவுக்கே மினி பவர் பம்ப் ஒன்றுதான். அதன் 1 எச்.பி. மோட்டார் கடைசிக் கம்பத்தில் இருக்கிறது. சாயங்காலம் அங்கே 165 வோல்ட்தான் வருகிறது. வோல்டேஜ் முக்கால் பங்குக்கும் கீழே போனால் மோட்டாரின் ஆரம்ப இழுவை பாதியாகிவிடும். சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகும், சுற்றாது. சுற்றாமல் நிற்கும் மோட்டார் வழக்கமாக எடுப்பதைப்போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். காயிலில் எழும் சூடு அந்தக் கரண்டின் வர்க்கத்தில் ஏறும். வார்னிஷ் கருகிய நாற்றத்தோடு அந்த மோட்டார் என் கடைக்கு வரும். பிரித்தால் ஸ்டார்ட்டிங் காயில் கரியாகிக் கிடக்கும். காயில் கட்டிக் கொடுத்தால் எனக்கு வருமானம்தான், ஆனால் இந்த வருமானம் எனக்கு வேண்டாம் ஐயா. மோட்டார் கடையில் கிடக்கிற நாளெல்லாம் தெருவில் தண்ணீர் இல்லை. ஓடுகிற நாளிலும் ராத்திரி 11 மணிக்கு வோல்டேஜ் ஏறிய பிறகுதான் தொட்டி நிரம்பும். அதுவரை பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். விடிந்தால் களை எடுக்கப் போக வேண்டியவர்கள் அவர்கள். நிறைமாதக் கர்ப்பிணியும் அந்த வரிசையில் நிற்கிறாள். இதை எத்தனை முறைதான் எழுதுவது?

4. "ஆளுக்கொரு ஸ்டெபிலைசர் வாங்குங்கள்" என்றார்கள். 165-ஐ 230 ஆக்க ஸ்டெபிலைசர் லைனிலிருந்து கூடுதல் கரண்டை இழுக்கும். அதே 1.5 ஓமில் வோல்டேஜ் இன்னும் விழும். வாங்க வசதியில்லாத வீட்டில் லைட் இன்னும் மங்கும். இது தங்களுக்குத் தெரியாததா?

5. 230 வோல்ட்டில் 6 சதவீதம் குறைந்தாலும் 216-க்குக் கீழே போகக்கூடாது. நாங்கள் 216 கூடப் பார்ப்பதில்லை.

6. புது டிரான்ஸ்ஃபார்மர் கேட்கவில்லை. அதே கம்பங்களில் இன்னும் இரண்டு கம்பி இழுத்து மூன்று ஃபேஸும் கொடுத்து, வீடுகளைச் சமமாகப் பிரித்தால் ஒரு ஃபேஸுக்கு 11 ஆம்பியர்தான் வரும். நியூட்ரலில் கரண்ட் அநேகமாக இருக்காது. ஜாயிண்ட்டும் சரியாக இருந்தால் கணக்கில் வருவது ஒரு கம்பியின் தடை 0.55 ஓம்தான், இழப்பு 6 வோல்ட். 48 எங்கே, 6 எங்கே! எஸ்டிமேட் போடுங்கள் ஐயா, தயவுசெய்து போடுங்கள்.

அதுவரை வேப்பமரத்தடி ஜாயிண்ட்டை இந்த வாரமே பிரித்து பி.ஜி. கிளாம்ப் (இரண்டு கம்பியையும் போல்ட் போட்டு இறுக்கும் பிடிப்பு) போட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒருநாள் மாலை 7 மணிக்குத் தாங்களே மீட்டரோடு வந்து அளந்து பார்க்க வேண்டுகிறோம். இந்த மனுவுக்காவது எழுத்துப்பூர்வமாகப் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
வடக்குத் தெரு குடியிருப்போர்
(கையெழுத்துகள் பின்பக்கம்)