பறிக்காமல் வந்தேன்

மெல்போர்ன்,
ஜூன் மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வரப்போரப் புற்றில் இந்த ஆண்டும் காளான் பூத்ததையும், அம்மா குழம்பு வைத்ததையும் எழுதியிருந்தாய். படிக்கும்போதே மணம் வந்துவிட்டது. "நீயும் காடு காடாகப் போகிறாயே, பறித்துச் சமைத்தாயா?" என்று கேட்டிருக்கிறாய். இல்லை.

போன ஞாயிறு ஷெர்புரூக் காட்டுக்குப் போனோம். டாண்டினாங் மலைத்தொடரில் இருக்கிறது. காரில் ஒரு மணி நேரம். தைலமரம் என்றால் நமக்கு ஊட்டியில் வரிசையாக நட்டு வைத்தவைதான் நினைவுக்கு வரும். அதற்கு உறவான மவுண்டன் ஆஷ் மரம் இங்கே சொந்த மண்ணில் நிற்கிறது. அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது, உச்சி தெரியவில்லை. இரண்டு சரிவுகளுக்கு நடுவே ஓடைப்பள்ளம். தலைக்கு மேலே மரப்பெரணிகள் விரிந்திருக்க, கீழே எந்நேரமும் ஈரம்.

முதல் அரை மணி நேரம் ஒன்றுமே கண்ணில் படவில்லை. நடப்பதை நிறுத்திக் குந்தி உட்கார்ந்த பிறகுதான் காடு காட்டத் தொடங்கியது. விழுந்து மக்கிய ஒரு கட்டை முழுக்க நீலக் காளான்கள்! மைசீனா இன்டெரப்டா என்று பெயர். சட்டைப் பொத்தான் அளவுதான், ஆனால் மயில் கழுத்து நீலம். காம்பின் அடியில் சிறு வட்டத் தட்டு, மரத்துக்குப் பொட்டு வைத்ததுபோல. கூட வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, பல் மருத்துவர்கள் வைத்திருப்பதுபோன்ற சிறு கண்ணாடியைக் குடைக்கு அடியில் நீட்டினார். அங்கிருந்த செவுள் மடிப்புகள் தெரிந்தன. பறிக்காமலே பார்க்க இப்படி ஒரு வழி! அந்தக் கட்டையை விட்டு எழவே மனம் வரவில்லை.

அது தேசியப் பூங்கா, பறிக்கக் கூடாது. பறிக்கலாம் என்றாலும் நான் தொட்டிருக்க மாட்டேன். ஐரோப்பாவிலிருந்து ஓக் மரங்களோடு வந்த நச்சுக்காளான் ஒன்று, டெத் கேப், இந்நகரத் தெருவோர ஓக் மரங்களின் அடியிலேயே முளைக்கிறது. பார்வைக்கு நம் வைக்கோல் காளானைப் போலவே இருக்கும். அடியில் அதே உறைகூட உண்டு. 2012 புத்தாண்டையொட்டி கான்பராவில் இதைச் சாப்பிட்ட இருவர் இறந்தார்கள். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. உண்டபின் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அது அடங்கிப் பிழைத்துவிட்டோம் என்று நினைக்கும் நேரத்தில் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். ஊரில் நல்ல காளானைப் பறித்துப் பழகிய கைதான் இங்கே ஏமாறுகிறது. அதை நினைத்தால் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

உன் அம்மா புற்றுக்காளானை எப்படி எடுப்பார்கள் என்று நினைவிருக்கிறதா? இடி இடித்த மறுநாள் விடியுமுன் கூடையோடு போவார்கள். ஒன்றை முகர்ந்து பார்த்துக் கூடையில் இடுவார்கள், பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்றைத் தொடாமல் விடுவார்கள். ஏன் விட்டீர்கள் என்று நாம் ஒருநாளும் கேட்கவில்லை. அந்த அறிவு அந்த மண்ணுக்கு உரியது. கடல் தாண்டி என்னோடு வரவில்லை.

அடுத்த மழைக்கு நீயும் அவர்களோடு போ. எடுத்ததையும் விட்டதையும் படம் பிடி. ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சொல்லும் பெயரையும் காரணத்தையும் அப்படியே எழுதி அனுப்பு. முழங்கால் வலியோடு வரப்பில் நடக்க முடியாதென்றால், கட்டிலில் உட்கார வைத்தாவது கேள். தள்ளிப் போடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்