திருவையாற்றில் உதவிய ஆட்டோ ஓட்டுநருக்கு நன்றி

கர்நாடக இசைமேதை தியாகராஜரின் ஆராதனையில், அவர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று காவிரிக்கரைப் பந்தலில் எல்லோரும் சேர்ந்து அவருடைய ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டிருந்தபோது, குடிநீர் வழங்கும் தொண்டராக நின்ற என் அருகில் முதிய ரசிகை ஒருவர் மயங்கிச் சரிந்தார். நாட்டை ராகத்தில் தொடங்கிய பாட்டு, நான்காவது கீர்த்தனையின் ராகமான வராளியை எட்டியிருந்த நேரம். அந்த நெரிசலில் அவரை வெளியே கொண்டுவர எங்களால் இயலவில்லை. யாரும் அழைக்காமலேயே உள்ளே வந்த நீங்கள், தோள்துண்டை நனைத்து அவர் முகத்தைத் துடைத்து, ஒருவரையும் அதட்டாமல் கையசைவாலேயே வழி ஏற்படுத்தி, உங்கள் ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றீர்கள். சவாரி மிகுந்த அந்த நாளில், அவருடைய மகன் கும்பகோணத்திலிருந்து வந்து சேரும்வரை அங்கேயே காத்திருந்து, அவரது மூக்குக்கண்ணாடியைக்கூடப் பத்திரமாக ஒப்படைத்ததைப் பிறகுதான் அறிந்தேன். (பொன்னாடை என்னவோ தொண்டர்களான எங்களுக்குத்தான் போர்த்தினார்கள்.) வாடகையும் வாங்கவில்லையாமே, அண்ணா! அந்த அம்மா நலமாக இருக்கிறார். உங்களை நேரில் பார்க்க விரும்புகிறார். இதைப் படிக்கும் திருவையாற்று நண்பர்கள் யாரேனும் அந்த ஓட்டுநரிடம் தெரிவித்தால் மகிழ்வேன்.