ஓபர்லினில் இருக்கும் மகளுக்கு

மதுரை
பிப்ரவரி 9

அன்புள்ள கயலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில், "இந்த ஊரில் ஒண்ணுமே இல்லம்மா. ரெண்டு தெரு, ஒரு தியேட்டர், அப்புறம் பனி" என்று சொன்னாய். அப்போது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அன்று ராத்திரி முழுக்க அதே நினைப்பு. அதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒஹாயோவில் இருக்கும் உன் ஓபர்லின் சின்ன ஊர்தான். எட்டாயிரம் பேர் இருப்பார்களா என்ன? உன்னைக் கல்லூரியில் சேர்த்துவிட வந்தபோது, டாப்பன் சதுக்கத்தைச் சுற்றி நடந்தால் ஊரே முடிந்துவிட்டது. வெள்ளை அணிலைப் பார்த்து அப்பா நின்றுவிட்டாரே, ஞாபகம் இருக்கிறதா?

அந்த ஊரும் கல்லூரியும் 1833-ல் ஒன்றாகவே பிறந்தவை. இரண்டு வருஷத்தில் கல்லூரி கையில் காசில்லாமல் தவித்தது. கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கேள்வி வந்தபோது, நிர்வாகக் குழுவில் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தது. ஜான் கீப் என்ற பாதிரியாரின் ஓட்டில்தான் சேர்ப்பது என்று முடிவானது. அடிமை முறையை எதிர்த்த நியூயார்க் வியாபாரிகளின் பணமும் அந்த முடிவோடு சேர்ந்து வந்தது உண்மை. அதனால் முடிவின் மதிப்பு எனக்குக் குறையவில்லை.

1837-ல் நான்கு பெண்கள் ஆண்களோடு ஒரே பட்டப்படிப்பில் சேர்ந்தார்கள். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. பிற்பாடு பெண் உரிமைக்காகப் போராடிய லூசி ஸ்டோன் 1847-ல் அங்கே பட்டம் வாங்கினார். பட்டமளிப்பு விழாவுக்கு அவர் உரை எழுதலாமாம், ஆனால் மேடையில் ஓர் ஆண்தான் அதை வாசிக்க வேண்டுமாம். எழுதவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நீ தினமும் நடக்கும் தெருக்களில் நடந்தவர் அவர்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஜான் பிரைஸைப் பற்றி. கென்டக்கியில் அடிமையாக இருந்து தப்பி வந்து, ஓபர்லினில் தங்கியிருந்தவர். 1858 செப்டம்பர் 13-ம் தேதி, உருளைக்கிழங்கு தோண்டும் வேலை இருக்கிறது என்று அவரை ஏமாற்றி ஊருக்கு வெளியே வரவழைத்துப் பிடித்துவிட்டார்கள். ரயிலேற்றி கென்டக்கிக்குக் கொண்டுபோக, ஒன்பது மைல் தள்ளியிருக்கும் வெலிங்டனுக்கு வண்டியில் இழுத்துப் போனார்கள். வழியில் பார்த்த ஒரு மாணவர் ஊருக்குள் வந்து சேதி சொன்னார். அவ்வளவுதான். மாணவர்கள், கடைக்காரர்கள், கறுப்பர்கள், வெள்ளையர்கள் என்று கிடைத்த வண்டியிலும் குதிரையிலும் கிளம்பிவிட்டார்கள். அவரை அடைத்து வைத்திருந்த விடுதியைச் சூழ்ந்து, மீட்டுக் கொண்டுவந்து, ஒரு பேராசிரியர் வீட்டில் ஒளித்துவைத்து, அப்புறம் கனடாவுக்கு அனுப்பினார்கள்.

அன்றைய சட்டப்படி அது குற்றம். 37 பேர் மேல் வழக்குப் போட்டார்கள். பலர் ஜாமீன் வேண்டாம் என்று கிளீவ்லாந்து சிறையிலேயே இருந்தார்கள். அங்கிருந்தே ஒரு பத்திரிகையும் அச்சடித்தார்கள்! முன்பின் பழகாத ஒருவருக்காகவும் அன்று எத்தனை பேர் போயிருப்பார்கள், யோசித்துப் பார். இந்த ஊரில் ஒன்றுமே இல்லை என்று நீ சொன்னபோது எனக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது இதனால்தான்.

இன்னொன்று. அதே ஊரில் 1886 பிப்ரவரி 23-ம் தேதி, சார்லஸ் மார்ட்டின் ஹால் வீட்டு விறகுக் கொட்டகையில் மின்சாரம் செலுத்தி அலுமினியம் பிரித்தெடுத்தார். அவருக்கு அப்போது 22 வயது. அக்கா ஜூலியாவும் கூடவே இருந்து உதவினார். அதுவரை அலுமினியம் விலை உயர்ந்த உலோகம். நம் வீட்டு இட்லிப் பானையைக் கழுவும்போதெல்லாம் இப்போது அந்தக் கொட்டகை ஞாபகம் வருகிறது.

நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. ஓபர்லினில் படித்து முடித்தவர்கள் அமெரிக்கன் கல்லூரிக்கும், நான் படித்த லேடி டோக்குக்கும் வந்து பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் எனக்குப் புதிதில்லை.

டால்காட் விடுதிக்கு முன்னால் மண்ணிலிருந்து வானம் பார்த்து எழும்பும் தண்டவாளம் ஒன்று இருக்கிறதே, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களின் நினைவாக வைத்தது. அவர்களைத் தப்பவைத்த ரகசிய வழிகளை 'நிலத்தடி ரயில்பாதை' என்றுதான் சொல்வார்கள். பனி உருகியதும் அங்கே போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. நீயும் படத்தில் இருக்க வேண்டும். கம்பளித் தொப்பியை மறந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா